சாம்பார் சிந்தாத எண்ணெய்

எங்கள் வீட்டில் சமையல் அவருடையது, வண்டி என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பங்கீடு மாறியதே இல்லை. அடுப்பு முன்னால் நின்றால் என் வீட்டுக்காரர் முந்நூறு பேருக்குப் பதறாமல் சமைத்து இறக்குவார். ஸ்டியரிங்கைப் பிடித்தாரென்றால் கூட்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் நாலு பேரிடம் திட்டு வாங்குவார். அதனால் சமைத்ததை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

செஞ்சியில் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் நிறையப் பேர். மண்டபத்து விசேஷங்கள் அவர்களுக்குப் போய்விடும். எங்களிடம் வருவதெல்லாம் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்ட வேலைகள். குலதெய்வம் கோயிலில் காதுகுத்து, பாறை இடுக்கில் நிற்கிற ஐயனாருக்குப் பொங்கல், பம்புசெட்டுக் கொல்லையில் கிடா விருந்து. இந்தப் பக்கத்துக் குலதெய்வங்களுக்கு ரோட்டோரமாகக் குடியிருக்கிற பழக்கம் கிடையாது. குண்டுக் கற்கள் உருண்டு கிடக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன. மினி லாரி அங்கே போகாது. அதற்காகவே கல் குவாரியில் ஓடிக் களைத்த ஒரு ஜீப்பை வாங்கினோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அண்டா நகராமல் நிற்க இரும்பு வளையங்களைத் தரையில் பற்றவைத்தோம்.

தொண்டூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போன அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. தார் ரோடு முடிந்து கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் கல்லும் பள்ளமும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டம் அடங்குவதற்குள் இன்னொன்று. துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்த மூடி நழுவியது எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து "நிறுத்துமே, நிறுத்துமே!" என்று அவர் கத்தியபோது சாம்பார் கால்வாசி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் இடுப்புவரை நனைந்திருந்தார். மடியில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகள். எங்கிருந்தோ வந்த இரண்டு நாய்கள் வந்த வழியெல்லாம் நக்கிக்கொண்டே கோயில்வரை எங்களுக்குத் துணையாக வந்தன.

குழந்தையின் தாய்மாமன் இலை போட வந்தவர், என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாண்ணே, சாம்பார எலைல ஊத்துவீங்கன்னு பாத்தா மேல ஊத்தினு வந்துருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ரசத்தைக் கூட்டி, மோர்க்குழம்பு ஒன்றை அங்கேயே அவசரமாகக் கலக்கி, பந்தியைக் குறையில்லாமல் முடித்தார். திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வண்டியப் பாரு."

பார்த்தேன். திருவண்ணாமலை ரோட்டில் டிராக்டரும் ஜீப்பும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். எனக்கு அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. ஜீப்பின் முன் பம்பரில் ஏறி நின்று ஒரு குதி குதித்து இறங்கினார். வண்டி ஆறு முறை தலையாட்டியது.

"நாலு ஷாக்கும் செத்துப்போச்சிமா. பட்டை அமுங்கி எகுறுது, புடிக்க ஆளில்ல."

ஷாக் அப்சார்பர் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் எடையைத் தாங்குவது அச்சின் மேல் வில்லாக வளைந்த இரும்புப் பட்டை. அமுங்கிய பட்டை துள்ளாமல் அதைப் பிடித்து நிதானமாக விடுவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய ஒரு குழல். அதற்குள் சின்னத் துளைகள் போட்ட ஒரு பிஸ்டன். துளை வழியாக எண்ணெய் எவ்வளவு சிரமப்பட்டு நுழைகிறதோ அவ்வளவு நிதானமாக வண்டி ஆடும். அவ்வளவுதான் சூத்திரம்.

புதிதாக மாட்டலாம். ஆனால் கடையில் கிடைக்கிற ஷாக்குகள் எங்கள் கல்லுக்கும் அண்டாவுக்கும் ஒரு வருடம் தாங்குவதில்லை. அவற்றைத் திறக்கவும் முடியாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற ஒரு கூட்டம் வந்து மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்கியது. சாப்பாடு எங்களுடையது. இரண்டாம் நாள் வத்தக்குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்ட ஒருவரிடம் என் சாம்பார்க் கதையைச் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு சாக்குப் பை பஸ்ஸில் வந்து இறங்கியது. உள்ளே நாலு பழைய ஷாக்குகள். போன் செய்தேன்.

"வீட்ல சும்மா கெடந்ததுங்க. ஒழுகுது. ஆனா மூடியத் தெறந்து சர்வீஸ் பண்ணலாம். சீல் மாத்தி எண்ணெய் மாத்தினா பத்து வருஷம் ஓடும்."

"எந்த எண்ணெய்ங்க?"

"பத்தாம் நம்பர் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு ஒரு மாத வேலை அடங்கியிருந்தது.

மெக்கானிக் அண்ணனுக்கு ஷாக்கைத் திறந்ததும் குஷி வந்துவிட்டது. ஒவ்வொரு சாமானையும் வெள்ளை வேட்டித் துணியில் வரிசையாகப் பரப்பினார். உள்ளேயிருந்து வந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து மோந்து பார்த்தார்.

"மூணு நாளு பஜ்ஜி போட்ட எண்ண மாரி இருக்குது. எவ்ளோ சூடு ஏறியிருந்தா இப்டி கருகும்!"

அப்போது அது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

சீல்கள் விழுப்புரத்தில் கிடைத்தன. குழல்களை டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். எண்ணெய் என்று வந்தபோது அண்ணன் அலமாரியைத் திறந்தார். டிராக்டருக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் எண்ணெய் பாதி டின் இருந்தது.

"பத்து கித்து எல்லாம் வேணாம். டிராக்டர்ல கலப்பையயே தூக்கற எண்ணமா இது. உங் கொழம்பத் தூக்காதா?"

நம்பினேன். சோதனைக்கென்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். சாம்பார் அண்டாவில் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் நிரப்புவது, மூடாமல் வைப்பது, மலையடிவாரத்தைச் சுற்றிப் பழைய குவாரிப் பாதையில் போய்த் திரும்புவது, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. முதல் நாள் வண்டி ஆடவே இல்லை. ஆனால் குதித்தது. ஒவ்வொரு கல்லும் நேராக என் முதுகில் வந்து இறங்கியது. எண்ணெய் அவ்வளவு கெட்டி, துளை வழியாக நுழையவே மாட்டேன் என்றது. திரும்பி வந்தபோது அண்டாவில் பாதி இல்லை. அண்ணனின் வெற்றிலைப் பொட்டலம் சட்டைப்பையிலிருந்து எகிறி எங்கேயோ விழுந்திருந்தது. அதற்காகத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார்.

மறுபடி கழற்றினோம், வடித்தோம், கழுவினோம். இந்த முறை பைக்கின் முன் ஃபோர்க்கில் ஊற்றுகிற எண்ணெய், பத்தாம் நம்பர். கடையில் ஒரே கம்பெனியில் இருப்பு இல்லாமல் இரண்டு டின்களை வேறு வேறு கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். முதல் டின் எண்ணெயே நாலுக்கும் போதுமாக இருந்தது. ஊற்றிக் கிளம்பினோம். அடடா! வண்டி படகு மாதிரி போனது. பள்ளத்தில் இறங்கியது தெரிந்தது, ஏறியது தெரிந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம் கழித்துப் பாட்டு நின்றது. வண்டி தலையாட்டத் தொடங்கியிருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பழையபடி ஆறு ஆட்டம். இறங்கி ஷாக்கைத் தொட்ட அண்ணன் கையை உதறினார்.

"தோசக்கல்லு கணக்கா கொதிக்குதுமா."

அப்போதுதான் பஜ்ஜி எண்ணெய் பேச்சு எனக்குள் திரும்பி வந்தது. இத்தனை நாள் எது கெட்டி, எது தண்ணி என்றுதான் பார்த்தோம். வெயிலில் கல்லில் அரை மணி நேரம் அடிவாங்கிச் சூடானபின் அது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் நல்லவனாக இருப்பது பெரிய விஷயமில்லை. மத்தியானமும் அப்படியே இருக்க வேண்டும்.

மிச்சமிருந்த எண்ணெய்களைப் பாட்டில்களில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரிக்காத இரண்டாவது டின்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் எங்களுக்கு விசேஷம் எதுவும் இல்லை. சமையல்கூடத்தில் ஒரு புனலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு டம்ளர் எண்ணெய், புனலிலிருந்து இறங்கி முடிய எத்தனை நொடி என்று போனில் பார்த்து நோட்டில் குறித்தேன். பிறகு அதே எண்ணெயைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி ஊற்றினேன். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு வேண்டுமே. ஜாங்கிரிப் பாகுக்காக நான் அவருக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டர் ஒன்று டப்பா பிரிக்காமல் கிடந்தது. அவர் விரலால்தான் பாகு பார்ப்பார். எடுத்துக்கொண்டேன்.

"அடிப்பாவி! எம் பாகு மீட்டரக் கொண்டுபோயி கிரீஸ்ல உட்டுட்டா!" என்று அவர் வாசலிலிருந்தே கத்தினார்.

"ஒரு நாளாவது தொட்டீங்களா அத?"

"தொடலன்னா? அது எங்கிட்ட இருக்குதுன்னு ஒரு தெம்பு."

பிளஸ் டூவில் நான் தமிழ் மீடியத்தில் பௌதிகம் படித்தவள். பாகுநிலை என்று ஒரு பாடம் இருந்தது. எண்ணெய் எவ்வளவு தயங்கி ஓடுகிறது என்பதற்கு அந்தப் பெயர். அதைச் சொன்னதும் அவர் கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "பாகுன்னா எங்கிட்ட கேளு" என்றார். அதன்பின் புனலைப் பிடிப்பதும் அவரே, சூடு பார்ப்பதும் அவரே. நான் எழுதுவதோடு சரி.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் ஆறியபோது ஐம்பத்தெட்டு நொடி, சூட்டில் பதினைந்து. ஃபோர்க் எண்ணெய் முதல் டின் இருபத்திரண்டு, சூட்டில் எட்டு. எங்களைத் திகைக்க வைத்தது இரண்டாவது டின். அதிலும் அதே பத்துதான் போட்டிருந்தது. ஆனால் ஆறியபோதே முப்பதைத் தாண்டியது. ஒருவருடைய பத்து இன்னொருவருடைய பத்து இல்லை! டின் முகத்தில் இருக்கிற எண் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிற பெயர் மாதிரிதான். போனில் தேடிப் படித்தபோது உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருந்தது. நாற்பது டிகிரியில் பாகுநிலை இவ்வளவு, நூறு டிகிரியில் இவ்வளவு என்று இரண்டு எண்கள். இந்த இரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்குச் சூட்டில் மாறாத எண்ணெய்.

அவர் சும்மா இருக்காமல் செக்கு நல்லெண்ணெயையும் புனலில் ஊற்றினார். "பாரு, நம்ம எண்ண எவ்ளோ அழகா எறங்குது! இதையே ஊத்தச் சொல்லேன்" என்றார். மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேவிட்டார். மறுமுனையில் அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது: "மாமா, சூட்டுல அது பிசினா பூடும். நீங்க தோச ஊத்துங்க, நான் ஷாக்கப் பாக்கறேன்."

அந்த இரண்டு எண்களை வைத்துத் தேடி, இப்படிப்பட்ட கல்பாதை வண்டிகளின் ஷாக்குக்கென்றே செய்கிற ஒரு எண்ணெயை வரவழைத்தேன். டின் வந்ததும் முதல் வேலை புனல். ஆறியபோது இருபது, சூட்டில் பதினொன்று. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தோம். ஷாக்குக்குள் எண்ணெய் நுரைத்தால் பிஸ்டன் நுரையில்தான் ஓடும், பிடிப்பு போய்விடும். அண்ணன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த இஞ்சின் எண்ணெயில் எழும்பிய நுரை நாங்கள் காபி குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றது. புது எண்ணெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து அடங்கியது.

ஊற்றுவதிலும் அண்ணன் இந்த முறை அவசரப்படவில்லை. கொஞ்சம் ஊற்றுவார், பிஸ்டன் ராடை மெதுவாக ஏற்றி இறக்குவார். உள்ளே சிக்கிய காற்று 'குளுக்' என்று வெளியேறும். மறுபடி ஊற்றுவார். அந்தச் சத்தம் நின்று, ராடு மேலேயும் கீழேயும் ஒரே கனத்தில் நகர்கிறவரை விடவில்லை. குவாரிப் பாதையில் இரண்டு சுற்றுப் போனோம். வெயில் உச்சியில் இருந்தது. ஷாக்கைத் தொட்டால் சுட்டது. ஆனால் பம்பரில் ஏறிக் குதித்தபோது வண்டி ஒரு முறை அமுங்கி, எழுந்து, நின்றுவிட்டது. அண்ணன் இன்னொரு முறை குதித்தார். பிறகு சும்மாவே நாலு முறை குதித்தார்.

இது நடந்த இரண்டாம் வாரம் மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டு விசேஷம். புதுவீடு கட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் குடிபுகுகிறார்கள், முந்தின சாயங்காலமே வெளியூர்ச் சொந்தங்களுக்கு விருந்து. ஜைன வீடு என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் கிடையாது. அதைவிட முக்கியம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். விளக்கு வைத்தபின் அவர்கள் வீட்டில் பெரியவர்கள் வாயில் எதுவும் படாது.

"அஞ்சு மணிக்குப் பந்தி போட்டுடணும்மா. கிழக்குச் சீமைலேர்ந்து வயசானவங்கல்லாம் வராங்க" என்று அந்த வீட்டம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார்.

மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டோம். அன்று அமாவாசை என்பது எனக்குத் தெரியும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ராத்திரிக்குத்தானே என்று நினைத்தேன். திண்டிவனம் ரோட்டில் ஏறிப் பாதி தூரம் போனதும் எதிரே ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. இறங்கிப் போய் விசாரித்தேன். "ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார் ஒரு கண்டக்டர். மணி நாலு.

இடது பக்கம் ஏரிக்கரைப் பாதை ஒன்று பிரிகிறது. கரை முடிந்ததும் பாறைக்காடு, அப்புறம் கொல்லை வரப்பு, அதைத் தாண்டினால் ஊருக்குப் பின்பக்கம். அந்தப் பக்கம் ஒரு பொங்கலுக்குப் போயிருக்கிறேன். அப்போது அண்டா இல்லை, அடுப்பும் விறகும் மட்டும்தான்.

"போலாமாங்க?"

அவர் பின்னால் அண்டாக்களைப் பார்த்தார். அவரைக்காய்ச் சாம்பார், பாசிப்பருப்புப் பாயசம், வாழைக்காய்ப் பொரியல், புளிசாதம். சின்ன வெங்காயம் இல்லாமல் அந்தச் சாம்பாருக்கு மணம் வரவைக்க அன்று காலையிலிருந்து அவர் பெருங்காயத்தோடு போராடியிருந்தார்.

"போ. நான் மூடி மேல உக்காந்துக்கறேன்" என்றார்.

கரை மேலே ஏறியதும் மேற்குச் சூரியன் பக்கக் கண்ணாடி வழியாகக் கண்ணில் அடித்தது. வண்டியைப் பாறையில் இறக்கினேன். முன் சக்கரம் ஒரு முழப் பள்ளத்தில் விழுந்தது. பின்னாலிருந்து சத்தம் வருமென்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வண்டி அமுங்கியது, எழுந்தது, நின்றது. அடுத்த கல். அமுங்கியது, எழுந்தது, நின்றது.

"இன்னாங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன் இருக்கேன். நீ முன்னாடி பாத்து ஓட்டு!"

பத்து நிமிஷத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. இருபது நிமிஷத்தில், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, நான் ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஏரியில் கொக்குகள் எழுந்து பறந்தன. கொல்லையில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கை காட்டினார்கள். ஃபோர்க் எண்ணெய் அலுத்துப்போய்த் தலையாட்ட ஆரம்பித்த அந்த அரை மணி நேரம் வந்தது, தாண்டியும் போனது. வண்டி கிளம்பியபோது எப்படியோ அப்படியேதான் போனது. கடைசி வரப்பில் இறங்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போயேன்மே!"

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நயினார் வீட்டின் பின்வாசலில் நின்றோம். வீட்டம்மா ஓடிவந்தார். ரோடு அடைத்த செய்தி அவருக்கு வந்துவிட்டிருந்தது. அடுப்பில் அரிசி போட்டு வெறும் கஞ்சியாவது வைக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"எப்டிமா வந்தீங்க?"

என் வீட்டுக்காரர் பாயச அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினார். மேலே மிதந்த முந்திரிப் பருப்புகள்கூட ஓரத்துக்கு ஒதுங்கவில்லை.

பந்தி நடந்தது. வயதானவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் சாம்பாரை மூன்றாம் முறை கேட்டு வாங்கியபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கடைசி இலையை எடுத்தபோது மேற்கே சிவந்த சூரியன் இன்னும் இறங்கவில்லை. வீட்டம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார்.

"பொழுது இருக்குது, நீங்களும் உக்காந்து சாப்டுங்க. ஓடி ஓடிப் போடறவங்க பசியோட போகக் கூடாது."

உட்கார்ந்தோம். முதல் வாய் வைப்பதற்குள் போன் அடித்தது. மெக்கானிக் அண்ணன்.

"இன்னாமா, ரோடு அடச்சிக் கெடக்குதாமே. எங்க மாட்டினீங்க?"

"மாட்டலண்ணே. சாப்டினு இருக்கோம்."

அண்ணன் அடுத்ததாகக் கேட்டார்: "ஷாக்கு எப்டி?"

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "மச்சான், பாயசம் எடுத்துனு வரேன், பட்டறைலயே இரு" என்றார். பேசிக்கொண்டே அந்த வீட்டம்மாவிடம் ஒரு தூக்குச் சட்டி கேட்டார்.